உஷ்... உள்ளே கல் உடைகிறது!

செருப்பை இங்கேயே கழற்றிவிடுங்கள். வாட்ச், மோதிரம் எதுவும் கூடாது, செல்போன் லாக்கருக்குள். இந்தாருங்கள் பச்சை உடை, தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க். கதவில் ஒட்டியிருக்கும் மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்தீர்களா? உள்ளே லேசர் ஓடுகிறது, கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் வராதே என்று அர்த்தம். மாட்டியாச்சா? ஜோர்! இனி கையைக் கட்டிக்கொண்டு, துணி விரித்த எந்த மேஜையையும் தொடாமல், என் பின்னாலேயே வாருங்கள். தப்பித் தவறித் தொட்டுவிட்டால் தியேட்டர் சிஸ்டர் ஒரு பார்வை பார்ப்பார். லேசரை விட அதற்குத்தான் இங்கே எல்லோரும் பயப்படுவார்கள்.

இன்று நாம் எட்டிப் பார்க்கப்போவது, கிட்னிக்குள் குந்தியிருக்கும் கல்லை உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் தூளாக்கும் வித்தையை. இடம், பொத்தேரிப் பக்கம். தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கல் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, அடுத்தது பொத்தேரி. பையும் இயர்போனுமாக ஒரு ரயில் பெட்டியே காலியாகி இறங்கும். பக்கத்திலேயே எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகமும் அதன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும். இப்படியொரு பெரிய மருத்துவமனையின் யூராலஜி தியேட்டருக்குள் கற்பனையாக நுழைந்துகொள்ளுங்கள். சடங்குகள் எந்த ஊர் தியேட்டரிலும் ஏறக்குறைய இதேதான்.

முன்கூட்டியே ஒரு ரகசியம் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தில் போஸ்டரில் இருப்பது லேசர். கதையைத் தாங்குவது வேறொருவர். போகப் போகத் தெரியும்.

கல் வளர்க்கும் வட்டாரம்

மேஜையில் படுத்திருப்பவர் யாராகவும் இருக்கலாம். மறைமலை நகர் கம்பெனியில் ஷிஃப்ட் பார்ப்பவர், ஜி.எஸ்.டி. சாலையில் நாளெல்லாம் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், ஒரகடத்துக்கு பஸ்ஸில் போய்வரும் பெண், ராத்திரி முழுக்க முழித்திருந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்காத ஹாஸ்டல் பையன். எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. வெயிலில் வியர்வை ஏராளம், குடிக்கும் தண்ணீர் சொற்பம். போகிற வழியில் நல்ல கழிப்பறை கிடைக்காது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம்.

உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் ஆக்சலேட்டும் கரைய இடமில்லாமல் படிகமாக ஒதுங்கும். படிகத்தின் மேல் படிகம் ஏறிக் கல்லாகும். சிறுநீரகக் கற்களில் பெரும்பான்மை இந்தக் கால்சியம் ஆக்சலேட் ரகம்தான். யூரிக் அமிலக் கல், கிருமித் தொற்றால் வளரும் கல், பரம்பரையாக வரும் சிஸ்டின் கல் எல்லாம் அடுத்த வரிசை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் எஃகு ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து, கடும் வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குக் கல் வரும் ஆபத்து கூடுதல் என்று 2020இல் எழுதினார்கள். கத்திரி வெயில் முடிகிற நேரத்தில் யூராலஜி ஓ.பி.யில் ஏன் உட்கார இடம் கிடைப்பதில்லை என்று இப்போது புரிகிறதா?

கல் கிட்னிக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் சத்தமே போடாது. அது சிறுநீர்ப்பைக்குப் போகும் யூரிட்டர் குழாய்க்குள் இறங்கும்போதுதான் ரகளை. 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், 3, 4 மில்லிமீட்டர் அகலம், அதிலும் மூன்று குறுகல்கள். சிக்கினால் முதுகிலிருந்து அடிவயிறு வரை சுருட்டிப் பிழியும் வலி. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தானாகவே இறங்கிவிடும். வாழைத்தண்டுச் சாறு வாங்கிக்கொள்ளும் புகழில் பெரும்பங்கு இந்தக் குட்டிக் கற்களுடையது! அடம்பிடிப்பவைதான் இங்கே வந்து சேருகின்றன.

லைட்ஸ், சி-ஆர்ம், டைம் அவுட்!

தியேட்டரில் முதலில் கண்ணில் படுவது சி-ஆர்ம். மேஜையை வளைத்து நிற்கும் எக்ஸ்ரே கருவி இது. அதனால்தான் டாக்டரிலிருந்து உதவியாளர் வரை எல்லோரும் பச்சை உடைக்கு மேல் சில கிலோ கனமுள்ள லெட் ஏப்ரனை மாட்டியிருக்கிறார்கள், கழுத்தில் தைராய்டு கவசம் வேறு. ஏ.சி. குளிர் உங்களுக்குத்தான். ஏப்ரனுக்குள் இருப்பவர் வேர்த்துக்கொண்டிருப்பார்.

சுவரில் சி.டி. ஸ்கேன். சாயம் ஏற்றாமல் எடுக்கும் இந்தப் படம்தான் இன்றைய திரைக்கதை. கல் எங்கே, எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு கெட்டி என்று மூன்று கேள்விக்கும் அதில் பதில் உண்டு. கெட்டித்தனத்துக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்று ஒரு மார்க் போடுவார்கள். 500க்குக் கீழே என்றால் யூரிக் அமிலக் கல்லாக இருக்க வாய்ப்பு. 1,000ஐத் தாண்டினால், "இன்னிக்கு டீ லேட்டாகும்" என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சிறுநீரில் கிருமி இல்லை என்று கல்ச்சர் ரிப்போர்ட் சொல்லியிருக்க வேண்டும். தொற்றோடு உள்ளே போய்த் தண்ணீர் பாய்ச்சினால் கிருமி ரத்தத்துக்குப் போய்விடும். அதனால் ரிப்போர்ட் சரியில்லை என்றால் ஆபரேஷன் தள்ளிப்போகும், சிபாரிசுக்கு எவர் வந்தாலும்.

இப்போது எல்லோரும் கையை நிறுத்துகிறார்கள். 'டைம் அவுட்'! நோயாளியின் பெயர் என்ன, எந்த ஆபரேஷன், வலதா இடதா என்று சத்தமாகப் படிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியல் இது. கல் உள்ள பக்கத்தில் பேனாவால் முன்பே அம்புக்குறி போட்டாயிற்று. இரண்டு கிட்னி உள்ள உடம்பில் இந்த ஒரு நிமிஷம் விலைமதிப்பில்லாதது.

யூரிட்டரில் மட்டும் கல் என்றால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைப்பது வழக்கம். கிட்னிக்குள்ளேயே போகிற ஆர்.ஐ.ஆர்.எஸ். என்றால் பெரும்பாலும் முழு மயக்கம். காரணம் கேட்டால் அசந்துபோவீர்கள்: நீங்கள் மூச்சு விடும்போது கிட்னியும் மேலும் கீழும் நகர்கிறது! ஆடுகிற இலக்கைக் குறிபார்ப்பது கஷ்டம். அதனால் மயக்க மருந்து டாக்டர் மூச்சின் அளவைச் சிறிதாக வைத்து ஆட்டத்தை அடக்கித் தருவார்.

உள்ளே... இன்னும் உள்ளே!

பெரிய திரையைப் பாருங்கள். சிறுநீர் போகும் வழியாகவே ஸ்கோப் நுழைகிறது. முதலில் சிறுநீர்ப்பை. இளஞ்சிவப்புச் சுவர், மெல்லிய ரத்தநாளங்கள், அதோ ஓரத்தில் ஒரு சின்னக் கீற்று. அதுதான் யூரிட்டரின் வாசல். அதன் வழியே வழுக்கும் கைடு ஒயர் மேலே போகிறது. சி-ஆர்ம் ஒரு கண் சிமிட்ட, எக்ஸ்ரேயில் ஒயரின் நுனி கிட்னிக்குள் சுருண்டு தெரிகிறது. இனி என்ன ஆனாலும் வழி தவறாது.

ஒயரின் மேல் ஓர் உறைக்குழாய் ஏறும். சில பேருக்கு யூரிட்டர் அவ்வளவு குறுகலாக இருக்கும்; உறை ஏறாது. அப்போது நல்ல டாக்டர் செய்யும் காரியம் என்ன தெரியுமா? ஒன்றும் செய்யாமல் திரும்புவது! அழுத்தித் திணித்தால் குழாய் கிழியும். ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை மட்டும் வைத்து, ஓரிரு வாரத்தில் குழாய் தானாக இளகியதும் மறுபடி வரச் சொல்வார். "கல்லை எடுக்காமலே அனுப்பிட்டாங்க" என்று வெளியே உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். அன்று எடுத்த முடிவுதான் அந்த கிட்னியைக் காப்பாற்றியிருக்கும்.

நம் ஆளுக்கு வழி தாராளம். வளையும் ஸ்கோப் உள்ளே போகிறது. மொத்தப் பருமனே 3 மில்லிமீட்டருக்குள். அதற்குள் கேமரா, வெளிச்சம், தண்ணீரும் கருவியும் போக ஒரு பாதை. டாக்டரின் கட்டைவிரல் சின்ன நெம்புகோலைத் தட்ட, நுனி 270 பாகை வரை வளைந்து தன்னையே திரும்பிப் பார்க்கிறது. கிட்னிக்குள் அறை அறையாகத் தேடல். மேல் அறை காலி. நடு அறை காலி. கீழ் அறை... அதோ! பழுப்பாய், முள்முள்ளாய், ஐயா சொகுசாக உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் காட்சிக்கு ஓர் இந்தியரும் காரணம். ஒளியை வளைந்த கண்ணாடி இழைகளின் கற்றை வழியே அனுப்பி உருவத்தைக் கடத்த முடியும் என்று 1954இல் 'நேச்சர்' இதழில் காட்டிய இருவரில் ஒருவர், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. இன்னொருவர் அவருடைய ஆசிரியர் ஹெரால்டு ஹாப்கின்ஸ். இன்றைய டிஜிட்டல் ஸ்கோப்பில் கேமராவே நுனியில் வந்துவிட்டது என்றாலும், லேசர் பயணம் செய்வது இன்றும் கண்ணாடி இழையில்தான்.

"லேசர் ரெடி!"

ஸ்கோப்பின் பாதை வழியே 200 மைக்ரான் தடிமனுள்ள இழை நுழைகிறது. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இங்கே ஒரு பொன்விதி: இழையின் நுனி திரையில் தெரியாமல் பெடலில் கால் வைக்கக் கூடாது. ஸ்கோப்புக்குள்ளேயே சுட்டுவிட்டால் பல லட்ச ரூபாய்க் கருவி அந்த நொடியே காலி. அதனால்தான் பெடல் இருக்கும் இடத்தில் வேறு யார் காலும் இருக்காது.

இந்த லேசர் அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாது. திரையில் தெரியும் சிவப்பு அல்லது பச்சைப் புள்ளி வெறும் குறிகாட்டி. "ரெடி" என்கிறார் டெக்னீஷியன். கால் பெடலை அழுத்துகிறது. டக் டக் டக்... மெஷின் படபடக்க, கல்லின் மேல் பொறி பறக்கிறது. திரை முழுக்க வெண்புகையாய்த் தூசி. பெடலிலிருந்து கால் எடுக்கிறார். சலைன் பாய்ந்து தூசி விலகும்வரை காத்திருப்பு. மறுபடி டக் டக் டக்!

மெஷினில் இரண்டு பொத்தான்கள்தான் முக்கியம்: ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு ஆற்றல், நொடிக்கு எத்தனை துடிப்பு. ஆற்றலை ஒரு ஜூல் பக்கம் ஏற்றி, துடிப்பை நொடிக்கு ஏழெட்டாகக் குறைத்தால் கல் துண்டு துண்டாகும். துண்டுகளை நிக்கல்-டைட்டானியக் கம்பிக் கூடையில் பிடித்து வெளியே எடுக்கலாம். ஆற்றலை 0.3 ஜூல் என்று இறக்கி, துடிப்பை நொடிக்கு 50 என்று ஏற்றினால், கல் மேலிருந்து அரிக்கப்பட்டுக் கோலமாவாக உதிரும். எடுக்கவே வேண்டாம், சிறுநீரோடு போய்விடும். கடைசியில் சிதறிய பொடிகளை ஓர் அறைக்குள் ஒதுக்கி, நடுவில் லேசரைச் சுட்டுக்கொண்டே இருந்தால் அவை எகிறி எகிறி மோதி உடையும். அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாப்கார்ன்'. நிஜமாகத்தான்!

இரண்டு கில்லாடிகள், ஒரே தகப்பன்

தியேட்டரின் மூலையில் நிற்கும் பெட்டி இரண்டு ரகத்தில் ஒன்றாக இருக்கும். பெரிதாக, உள்ளே தண்ணீர் சுழற்றிக் குளிரூட்டிக்கொண்டு, தனி மின் இணைப்புக் கேட்டு உறுமினால் அது ஹோல்மியம். 1990களிலிருந்து அரியணையில் இருப்பது. சின்னதாக, சாதாரண பிளக்கில் ஓடினால் தூலியம் ஃபைபர் லேசர். 2019க்குப் பிறகு சந்தைக்கு வந்த இளவரசன். எது உசத்தி என்று யூராலஜி மாநாடுகளில் பட்டிமன்றமே நடக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஹோல்மியம், தூலியம் இரண்டு தனிமங்களையும் 1879இல், ஒரே தாதுப் பொருளை அலசும்போது பிரித்தறிந்தவர் ஒரே ஆள்: ஸ்வீடன் வேதியியலாளர் பெர் தியோடோர் கிளீவ். (ஹோல்மியத்தின் தடயத்தை ஓராண்டு முன்னாலேயே இரண்டு சுவிஸ் விஞ்ஞானிகள் நிறமாலையில் கண்டிருந்தார்கள்.) அவர் காலத்தில் லேசரும் இல்லை, மின்விளக்கே அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தது.

லேசர் பிறந்தது 1960இல், தியோடோர் மெய்மனின் மாணிக்கப் படிகத்தில். எட்டே வருஷத்தில், 1968இல், முல்வேனி, பெக் என்ற இருவர் அந்த ரூபி லேசரைக் கல்லின் மேல் அடித்துப் பார்த்துவிட்டார்கள். கல் உடைந்தது. ஆனால் கிளம்பிய சூட்டில், உடம்புக்குள் வைத்திருந்தால் திசுவும் வெந்திருக்கும். ஆக, கல்லை உடைக்கும் பலம் லேசருக்கு அன்றைக்கே இருந்தது. எங்கே நிற்க வேண்டும் என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

போஸ்டரில் இல்லாத கதாநாயகன்

இப்போது முதலில் சொன்ன ரகசியம். லேசருக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தது யார்? தண்ணீர்!

ஹோல்மியம் லேசரின் அலைநீளம் சுமார் 2,100 நானோமீட்டர். தண்ணீர் இந்த ஒளியை ஆவலோடு விழுங்கிவிடும். இழையின் நுனியிலிருந்து அரை மில்லிமீட்டர் போவதற்குள் ஒளி அநேகமாகத் தீர்ந்துபோகும். தூலியம் லேசரின் 1,940 நானோமீட்டரை இன்னும் பல மடங்கு வேகமாக விழுங்கும். கல்லைத் தொட்டால் கல் உடையும். கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் போதும், சுவர் பிழைக்கும்.

அதே தண்ணீர் உதவியும் செய்கிறது. துடிப்பின் முதல் பகுதி நீரை ஆவியாக்கிக் குமிழி எழுப்பும். மீதி ஒளி அந்தக் குமிழிக்குள் வழி கிடைத்துக் கல்லுக்குப் போகும். செங்கடலைப் பிளந்த மோசேயின் பெயரையே இந்த விளைவுக்கு வைத்திருக்கிறார்கள்.

பைபையாகத் தொங்கும் சலைன் எதற்கு என்று இனிக் கேட்க மாட்டீர்கள். பார்வையைத் தெளிவாக்குவது, தூசியைக் கழுவுவது, சூட்டைத் தணிப்பது எல்லாம் அதன் வேலை. ஆற்றலை ஏற்றிவிட்டு நீரோட்டத்தைக் குறைத்தால் கிட்னிக்குள் திசுவைப் புண்ணாக்கும் அளவுக்குச் சூடேறும். நீரோட்டத்தை அதிகமாக்கினால் உள்ளழுத்தம் கூடி, கிருமி ரத்தத்தில் ஏறிக் காய்ச்சல் வரும். இரண்டுக்கும் நடுவே நடப்பதுதான் டாக்டரின் கைத்திறன். தண்ணீர் பாயும்போதே தூசியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும் உறிஞ்சு குழாய்கள் இப்போது புதிதாக வந்து இந்தச் சிக்கலைக் குறைக்கின்றன.

எல்லாக் கல்லுக்கும் இந்த வழிதானா என்றால், இல்லை. 2 சென்டிமீட்டருக்கு மேல் போனால், முதுகில் சின்னத் துளையிட்டு எடுக்கும் பி.சி.என்.எல். முறைக்குத்தான் முதலிடம், 1976இல் ஸ்வீடனில் தொடங்கிய முறை அது. சின்னக் கல்லை வெளியிலிருந்தே அதிர்வலையால் உடைக்கவும் முடியும். விமானம் செய்த டோர்னியர் கம்பெனியின் கருவியைக் கொண்டு 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசி முதல் நோயாளிக்குச் செய்துகாட்டினார். எது யாருக்கு என்பதைக் கல்லின் அளவு, இடம், கெட்டித்தனம் பார்த்து டாக்டர் சொல்வார்.

உள்ளேயே தங்கும் ஒரு விருந்தாளி

ஆட்டம் முடிந்தது. துணுக்குகள் ஆய்வகத்துக்கு, எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் அடுத்ததைத் தடுக்கலாம். கிளம்பும் முன் டாக்டர் ஒரு டி.ஜே. ஸ்டென்ட் வைக்கிறார். இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாய். ஒரு முனை கிட்னியில், மறுமுனை சிறுநீர்ப்பையில். வீங்கிய யூரிட்டர் அடைத்துக்கொள்ளாமல் காக்கும். இது இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் முட்டும், போகும்போது விலாவில் இழுக்கும், லேசாக ரத்தம் கலந்து வரும். பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது மறதிக்கு! சில வாரங்களில் எடுக்க வேண்டிய ஸ்டென்ட்டை, "வலிதான் இல்லையே" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் உண்டு. அதன் மேலேயே புதுக் கல் படிந்து, எளிதாக எடுக்க வேண்டியது பெரிய ஆபரேஷனில் போய் முடியும். டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும் அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

பணத்துக்கு என்ன வழி என்று யோசிப்பவர்களுக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல் அகற்றும் சிகிச்சைகள் வருகின்றன. எந்த முறைக்கு எந்த மருத்துவமனை என்று காப்பீட்டு உதவி மேஜையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவமனைகளிலும் யூராலஜித் துறைகள் உண்டு.

பச்சை உடையைக் கழற்றலாம். வெளியே வந்ததும் ஜி.எஸ்.டி. சாலை வெயில் முகத்தில் அறையும். அதற்கு முன் சில வார்த்தைகள். ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்தாண்டுக்குள் மறுபடி வருகிறது. லேசர் இருக்கிற கல்லைத்தான் உடைக்கும், வரப்போகிற கல்லை அதற்குத் தெரியாது. பாலையும் தயிரையும் நிறுத்தாதீர்கள். கால்சியத்தைக் குறைத்தவர்களை விட, அளவான கால்சியத்தோடு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே கல் குறைவாகத் திரும்பியது என்று 2002இல் வெளியான ஐந்தாண்டு இத்தாலிய ஆய்வு காட்டியிருக்கிறது. ஊறுகாயும் அப்பளமும்தான் குறைய வேண்டியவை. கல் வலியோடு குளிர்க்காய்ச்சலும் சேர்ந்தால் கைவைத்தியம் பார்க்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போங்கள். மற்ற நாட்களில், ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். கிட்னி, இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளட்டும். தியேட்டருக்குள் பைபையாகப் பாய்ச்ச வேண்டிய தண்ணீரை வீட்டிலேயே டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டால் செலவு மிச்சம்.